நிலாவெளி மணலா, கன்னியாச் செம்மண்ணா?

இரண்டு வருடங்களுக்கு முன் திருகோணமலைப் பக்கம் தோட்டக் காணி தேடி அலைந்தபோது இரண்டு துண்டுகள் கைக்கு எட்டின. ஒன்று நிலாவெளியில், அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில், முழுக்க மணல். மற்றது கன்னியாவுக்கு மேற்கே, செங்கபில மண். வாங்கியது இரண்டாவதை. ஆகவே என்னிடம் நடுநிலைமையை எதிர்பார்க்க வேண்டாம்.

மணலில் உழவு இலகு. மழை விட்ட மறுநாளே இறங்கலாம். கச்சான் (நிலக்கடலை) செடியைப் பிடித்து இழுத்தால் காயெல்லாம் கையோடு வரும்; காய்ந்த செம்மண்ணில் செடி மட்டும்தான் வரும். இதிலெல்லாம் வாதமில்லை.

என்னைத் திருப்பியது தண்ணீர். எங்களுக்குப் பெருமழை ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை. பிறகு மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று இலையைச் சுருட்டிவிடும். மாரியில் விழுந்ததை எந்த மண் கோடைக்குச் சேமிக்கிறது என்பதே கேள்வி. மத்தியதரைக் கடலோரத்திலும் மழை குளிர்காலத்தில்தான், கோடை வறட்சி. அங்கே சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் ‘டெரா ரோஸா’ செம்மண்ணில் திராட்சையும் ஒலிவும் நிற்கின்றன. எங்கள் மண்ணின் தாய்ப்பாறை வேறு; ஆனால் சிவப்பைக் கொடுப்பது இரண்டிலும் இரும்பு ஒட்சைட்டுத்தான்.

வாங்குமுன் ஒரு குழி வெட்டிப் பார்த்தேன். மேலே ஒரு சாண் கபிலம், அதற்குக் கீழே சிவந்து ஒட்டும் படை, இன்னும் கீழே பரல். மழைநீர் மேலிருந்து கழுவி இறக்கிய களி அந்த நடுப்படையில் தங்குகிறது. ஈரத்தையும் பசளையையும் அதுதான் பிடித்து வைக்கிறது. நிலாவெளியில் என் மாமனார் கத்தரிக்கு நாள்தோறும் இறைக்கிறார். நான் நான்கு நாளைக்கு ஒருமுறை. மோட்டார்ச் செலவை நீங்களே கணக்குப் பாருங்கள். மணலில் போட்ட யூரியாவில் ஒரு பங்கு தண்ணீரோடு கிணற்றுக்கே இறங்கிவிடும். கரையோரக் கிணற்றில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும்.

செம்மண்ணும் சாதுவல்ல. நனைந்தால் மண்வெட்டியில் அப்பும், காய்ந்தால் மண்வெட்டியைத் திருப்பி அனுப்பும். உழுவதற்கு நடுவில் சில நாட்களே உண்டு: பிடித்தால் பிடியாக நின்று, விரலால் தட்டினால் உதிரும் புட்டுமாப் பதம். முதல் வருடம் அவசரப்பட்டு ஈரத்தில் உழுதேன். செங்கல் போன்ற கட்டிகள் தை மாதம் வரை கிடந்தன. சரிவில் மண் கழுவுண்டு போகாமல் வரம்பு கட்ட வேண்டும். மேற்பரப்பு இறுகி முளையை அமுக்குவதால் வைக்கோல் மூடாக்கும் வேண்டும்.

நான் கண்டது இரண்டு பெரும்போகங்கள், அதாவது மாரிப் பயிர்ப் பருவங்கள், மட்டுமே. மாங்கன்றுகளின் வேர் பரலைத் தாண்டுமா என்று இன்னும் தெரியாது. வெங்காயம் மட்டுமே செய்வேன் என்று மணலை எடுப்பவரை நான் மறிக்கமாட்டேன். அவர் என் மாமனாரிடம் கேட்பதே நல்லது.