அறுபது அங்குலம் வேண்டாம்ணே: ஜிப்ஸிக்கு ஒரு ஜாக்கி

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் உதிரிபாகக் கடைக்காரர் முதலில் எடுத்துச் சுவரில் சாய்த்தது 60 அங்குல ஹை-லிஃப்ட் ஜாக்கி: நெட்டுக் கம்பியில் நாக்கு ஒன்று படிப்படியாக ஏறி, பம்பரைப் பிடித்து வண்டியைத் தூக்கும் வகை. "காடு மேடு போறீங்கன்னா பெருசாவே எடுத்துக்கங்க சார், ஒரே தடவை செலவு" என்றார். என் ஜீப் மாதிரியான மாருதி ஜிப்ஸியின் மொத்த அகலமே 1,540 மில்லிமீட்டர். அந்த ஜாக்கி 1,524. உள்ளே குறுக்கே படுக்க வைக்கத் தகரத்தை வெட்ட வேண்டியதுதான். "48 குடுங்கண்ணே" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

முந்தின ஞாயிறே திருவான்மியூரில் எங்கள் ஃப்ளாட் பார்க்கிங்கில் அளந்து வைத்திருந்தேன். முன்பக்க இரும்பு பம்பரின் அடி விளிம்பு தரையிலிருந்து 20 அங்குலம். நண்பனிடம் இரவல் வாங்கிய ஜாக்கியைக் கொடுத்து ஏற்றினால் பாடி எழுகிறது, டயர் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங் பட்டை முழுதாகத் தொங்கி முடிந்தால்தான் டயர் கிளம்பும். 9 அங்குலம் ஏற்றிய பிறகே டயருக்கடியில் தினத்தந்தித் தாள் நுழைந்தது. பலகை சொருக இன்னும் 4. ஆக 33.

ஜாக்கியில் சொல்லும் அளவு கம்பியின் நீளம். நாக்கு உச்சிவரை ஏறாது. ஏறக்குறைய 10 அங்குலத்தைக் கழித்துவிடுங்கள். 36 வாங்கினால் 26தான் கிடைக்கும், என் டயர் தரையை விடாது. 48-க்கு 38. போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். உயரம் கூடக்கூட வண்டி ஆடவும் செய்யும், அதனால் 60-ஐப் பார்த்து எனக்கு ஏக்கம் எதுவும் இல்லை.

7,500 ரூபாய், பில்லோடு. ஸ்டிக்கரில் 3 டன் என்று போட்டிருக்கிறது. அதை நான் நம்பவில்லை, நம்பவேண்டிய அவசியமும் இல்லை; ஜிப்ஸியே ஒரு டன்னைச் சுற்றித்தான்.

கல்பாக்கம் தாண்டி நண்பனின் சவுக்குத் தோப்பில் போன மாதம் சோதனை வந்தது. பின்சக்கரங்கள் மணலில் புதைந்து, அவற்றை இணைக்கும் ஆக்சில் தரையைத் தொட்டுவிட்டது. கெட்டித் தரையாக இருந்தால் ஆக்சிலுக்கடியில் பாட்டில் ஜாக்கி (பாட்டில் போலக் குட்டையாக நிற்கும் ஜாக்கி) கொடுப்பேன், ஸ்பிரிங் தொங்கும் வேலையே இல்லாமல் சக்கரம் நேராக எழும். ஆனால் அங்கே கை நுழையவே இடமில்லை, எட்டு அங்குல பாட்டில் எங்கே நுழையும்? பின் பம்பரில் ஹை-லிஃப்ட்டைக் கொடுத்தேன். வண்டி எழவில்லை, ஜாக்கிதான் மணலுக்குள் இறங்கியது. அடித்தட்டு உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். தோப்பில் மரம் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, பலகை வைக்காம குத்துனா கிணறுதான் வெட்டுவ" என்றார். சவுக்குக் கட்டைகளை நெருக்கிப் போட்டு, மேலே ஸ்டெப்னிக்கு அடியில் கிடந்த ப்ளைவுட்டை வைத்தோம். பத்து நிமிடத்தில் சக்கரத்துக்கடியில் கிளைகளைத் திணித்து வெளியே வந்துவிட்டேன்.

குறைகள் உண்டு. 13 கிலோ, கட்டி வைக்காவிட்டால் ஸ்பீட் பிரேக்கர் தோறும் மணி அடிக்கும். மணல் புகுந்தால் நாக்கை ஏற்றும் சின்ன இரும்புப் பின்கள் சிக்கிக்கொள்கின்றன; மண்ணெண்ணெய் போல மெல்லிய எண்ணெய் விட்டு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், கிரீஸ் போட்டால் மணல்தான் ஒட்டும். பெயின்ட் மூன்றே மாதத்தில் உரிந்து, எங்கள் தெருக் கடற்காற்று துருவை ஆரம்பித்துவிட்டது.

கைப்பிடிதான் எனக்கு நிஜமாகவே பயம். இறக்குவதற்காக ஜாக்கியின் சின்ன லீவரைத் திருப்பும்போது கைப்பிடி கம்பியோடு ஒட்டி நிமிர்ந்து நிற்க வேண்டும். சுமை இருக்கும்போது கை நழுவினால் தாடையைப் பெயர்த்துவிடும். நான் பக்கவாட்டில்தான் நிற்கிறேன், தலையைக் குறுக்கே கொண்டுபோவதில்லை. இதில் ஏற்றிய வண்டிக்கடியில் யாரும் நுழையக் கூடாது, டயர் மாற்றும் நேரத்திலும்.

பிளாஸ்டிக் பம்பர் வண்டிக்காரர்கள் இதை வாங்கி வீணடிக்காதீர்கள். நாக்கு பிடிக்க இரும்பு வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் புதுக் காருக்கு இதைக் கேட்டான். டேப்பைக் கையில் கொடுத்து, முதலில் எங்கே கொடுப்பாய் என்று காட்டு என்றேன். குனிந்து பார்த்துவிட்டுப் போனவன், இன்னும் திரும்பி வரவில்லை. டேப்பும் வரவில்லை.