கிளவுட் தேர்வுக்குப் பயிற்சி: அணைக்க மறந்தால் எவ்வளவு ஆகும்?

கிளவுட் என்பது இன்டர்நெட் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கம்ப்யூட்டர். அதற்கான சான்றிதழ் தேர்வுக்குப் பழக எங்கே அக்கவுன்ட் திறப்பது? இலவசம் என்று எல்லா கிளவுட் கம்பெனிகளுமே போர்டு மாட்டியிருக்கின்றன. அமேசானின் ஏடபிள்யூஎஸ் 200 டாலர் வரை கிரெடிட் தருகிறது, மைக்ரோசாஃப்டின் அஷூர் 200, கூகுள் 300. ஆரக்கிள் ஒரு படி மேலே போய் எப்போதுமே இலவசம் என்கிறது. தொகையை மட்டும் பார்த்தால் கூகுள் ஜெயித்துவிடும். நான் இரண்டு கேள்விகளை வைத்து எடை போடுகிறேன். ராத்திரி எதையாவது அணைக்காமல் தூங்கிவிட்டால் என்ன ஆகும்? தேர்வில் கேட்கிற விஷயத்தை இங்கே நாமே கட்டி, உடைத்து, சரிசெய்து பார்க்க முடியுமா?

ஏடபிள்யூஎஸ்ஸில் ஆரம்பிப்போம், நம்மூரில் அதிகம் பேர் படிப்பது அதைத்தான். "12 மாதம், மாதத்துக்கு 750 மணி நேரம் சர்வர் இலவசம்" என்று பழைய வீடியோக்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. 2025 ஜூலை 15-லிருந்து புது அக்கவுன்ட்டுகளுக்கு அது கிடையாது. இப்போது சேர்ந்தவுடன் 100 டாலர் கிரெடிட் விழும். இசி2 (சர்வர்), ஆர்டிஎஸ் (டேட்டாபேஸ்), லாம்ப்டா, பெட்ராக், பட்ஜெட்ஸ் என ஐந்து சேவைகளிலும் ஆளுக்கொரு சின்ன வேலை செய்து முடித்தால், தலா 20 வீதம் இன்னொரு 100. ஃப்ரீ பிளான் ஆறு மாதம் ஓடும், அதற்குள் கிரெடிட் தீர்ந்தால் அதோடு சரி. அக்கவுன்ட் மூடிக்கொள்ளும், கார்டில் கை வைக்க மாட்டார்கள். படிக்கிறவருக்குப் பழைய ஏற்பாட்டைவிட இது எவ்வளவோ பாதுகாப்பு.

ஆனால் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். பல அக்கவுன்ட்டுகளைச் சேர்த்து நிர்வகிக்கும் ஆர்கனைசேஷன்ஸ் என்ற சேவை, சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் தேர்வின் பாடத்தில் வரும். ஆர்வத்தில் உள்ளே போய் ஒன்றை உருவாக்கினால், ஃப்ரீ பிளான் தானாகவே பெய்டு பிளானுக்கு மாறிவிடும். அந்த அத்தியாயத்தை மட்டும் வீடியோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெய்டு பிளானில் பணம் எங்கே ஒழுகும் என்பதற்கு, உள்ளே இருக்கும் சர்வர்கள் இன்டர்நெட்டுக்குப் போக உதவும் நேட் கேட்வே நல்ல உதாரணம். விபிசி என்ற நம் தனி நெட்வொர்க்கை உருவாக்கும் திரையில் நேட் கேட்வே எத்தனை என்று கேட்கும். ஒவ்வொரு அவைலபிலிட்டி ஜோனுக்கும் (தனித்தனி டேட்டாசென்டர் பகுதி) ஒன்று என்பதைத் தேர்வுசெய்தால் இரண்டு ஜோனுக்கு இரண்டு வந்து உட்காரும். வர்ஜீனியா விலையில் ஒன்றுக்கு மணிக்கு 0.045 டாலர். சில்லறைக் காசு போலத் தெரியும். ஒன்றை ஒரு மாதம் விட்டால் 32 டாலர் ஆகும், ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 3,000 ரூபாயைத் தாண்டும். அதன் வழியாக ஒரு பைட் கூடப் போகாவிட்டாலும் மீட்டர் ஓடும். சரி, அழித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. அதனுடன் ஒட்டியிருந்த எலாஸ்டிக் ஐபி என்ற நிலையான இன்டர்நெட் முகவரி தனியாக நிற்கும், அதற்கு மணிக்கு 0.005 டாலர். அதைத் தனியே ரிலீஸ் செய்ய வேண்டும்.

ஆர்டிஎஸ் இன்னும் குறும்புக்காரன். டேட்டாபேஸை ஸ்டாப் செய்துவிட்டு ஊருக்குப் போனால், ஏழு நாள் கழித்து அதுவே எழுந்து ஓட ஆரம்பித்துவிடும். பட்ஜெட் அலாரம் வைத்திருக்கிறேனே என்பீர்கள். அது மெயில் அனுப்பும், எதையும் நிறுத்தாது. பில் கணக்கும் சில மணி நேரம் பின்தங்கித்தான் வரும்.

அஷூரின் 200 டாலர் 30 நாளில் காலாவதி. வேலைக்குப் போய்க்கொண்டே சனி ஞாயிறில் படிப்பவருக்கு அது நாலு வாரக் கடைசிதான், பத்தாது. ஆனால் கல்லூரி மெயில் ஐடி இருக்கிறதா? அப்படியானால் மாணவர்களுக்கான அஷூர் திட்டத்தை மிஞ்ச எதுவும் இல்லை என்பேன். 100 டாலர், ஒரு வருடம், கிரெடிட் கார்டே கேட்பதில்லை. படிக்கும் வரை ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். கிரெடிட் தீர்ந்தால் எல்லாம் நின்றுவிடும். வீட்டில் கார்டு கேட்டு விளக்கம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்பதே பாதி நிம்மதி. அஷூரில் பழக வேண்டிய ஒன்று: விஎம்முக்குள் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கம்ப்யூட்டர்) போய் ஷட்டவுன் கொடுத்தால் போர்ட்டலில் ஸ்டாப்டு என்று மட்டும் காட்டும், வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். போர்ட்டலிலிருந்து நிறுத்தி, டீஅலோகேட்டட் என்று வந்த பிறகுதான் நிற்கும். ஏஇசட்-104 என்ற அஷூர் அட்மினிஸ்ட்ரேட்டர் தேர்வுக்குப் படிப்பவர் இதைக் கையால் செய்து பார்ப்பது நல்லது.

கூகுளின் 300 டாலருக்கு 90 நாள். நீங்களாக அப்கிரேட் செய்யாத வரை காசு எடுக்க மாட்டார்கள். அதன் பிறகும் இ2-மைக்ரோ என்ற குட்டி விஎம் ஒன்று மாதாமாதம் இலவசம், அதுவும் குறிப்பிட்ட மூன்று அமெரிக்க ரீஜியன்களில் (டேட்டாசென்டர்கள் இருக்கும் வட்டாரம்) மட்டும். மும்பையில் போட்டால் பில் வரும். கூகுள் தேர்வு எழுதுபவருக்கு இது தாராளம். மற்றவர்கள் 300 என்ற எண்ணைப் பார்த்து இங்கே வர வேண்டியதில்லை.

ஆரக்கிளின் இலவச விஎம்களை நான் கிளவுட் பயிற்சி என்று கணக்கில் சேர்ப்பதில்லை. மாதக்கணக்கில் ஓடும் ஒரு லினக்ஸ் மெஷின் வேண்டும், எஞ்சின்எக்ஸ், டாக்கர் போன்ற சர்வர் மென்பொருள்களைப் போட்டுப் பழக வேண்டும் என்றால் அருமையான இடம். ஆனால் ஆம்பியர் சிப்பில் ஓடும் விஎம் கேட்டால் இடமில்லை என்ற செய்தி பலமுறை வரும். முதலில் தேர்ந்தெடுத்த ஹோம் ரீஜியனை மாற்றவும் முடியாது. சும்மா கிடக்கும் விஎம்மைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

அப்புறம், பயிற்சிக்கென்றே தயாராக வரும் ரெடிமேட் லேப்கள். ஏடபிள்யூஎஸ் ஸ்கில் பில்டர் சந்தா மாதம் 29 டாலர். கூகுளுக்கும் இதே மாதிரி உண்டு. தற்காலிக அக்கவுன்ட் தருவார்கள், மேலே கடிகாரம் ஓடும், நேரம் முடிந்ததும் எல்லாம் துடைக்கப்படும். மறந்தாலும் ஒரு பைசா போகாது, என் முதல் கேள்வியில் முழு மார்க். இரண்டாவதில்தான் தடுமாறுகிறது. கமாண்டை காப்பி செய், இங்கே ஒட்டு, பச்சை டிக் வந்துவிட்டது, அடுத்து. முடித்த மறுநாள் வெற்றுத் திரையில் அதையே கட்டச் சொன்னால் கை ஓடாது. தேர்வுக்கு முந்தைய மாதம் மட்டும் வாங்கினால் போதும். ஏடபிள்யூஎஸ்ஸின் ஆரம்ப நிலைத் தேர்வான கிளவுட் பிராக்டிஷனர் எழுதுபவர் அதுகூட வாங்க வேண்டாம், கிளவுட் குவெஸ்ட் விளையாட்டில் அந்தப் பகுதி இலவசம்.

கடைசியாக, சொந்த லேப்டாப். லோக்கல்ஸ்டாக், மோட்டோ போன்ற எமுலேட்டர்கள் ஏடபிள்யூஎஸ் போலவே நடிக்கும். எஸ்3, எஸ்கியூஎஸ், டைனமோடிபி போன்ற சேவைகளை ஏடபிள்யூஎஸ் அக்கவுன்ட் இல்லாமலே தட்டிப் பார்க்கலாம். குறை என்னவென்றால் அனுமதிச் சோதனை இவற்றில் இயல்பாக அணைந்தே இருக்கும். நிஜ ஏடபிள்யூஎஸ்ஸில் ஆக்சஸ் டினைடு வாங்கி, பாலிசியில் எந்த வரி தப்பு என்று தேடும்போதுதான் ஐஏஎம் என்ற அனுமதிச் சேவை புரிகிறது. எமுலேட்டரில் எல்லாமே முதல் தடவையே ஓடிவிடும், அது ஆபத்தான சுகம். ஆனால் சிகேஏ என்ற குபர்நெட்டிஸ் நிர்வாகத் தேர்வு எழுதப் போகிறவருக்கு லேப்டாப்பே போதும். மினிகியூப் அல்லது கைண்ட் போட்டால் கிளஸ்டர் தயார். அதற்காக ஏடபிள்யூஎஸ்ஸின் குபர்நெட்டிஸ் சேவையான இகேஎஸ் திறந்து, கன்ட்ரோல் பிளேனுக்கு மட்டுமே மணிக்கு 0.10 டாலர், அதாவது மாதம் 72 டாலர் கட்டுவது வீண். தேர்வுக்குப் பணம் கட்டினால் கில்லர் ஷெல் மாதிரித் தேர்வு இரண்டு முறை கூடவே வருகிறது.

என்னைக் கேட்டால், மாணவர் அஷூரில் ஆரம்பிக்கட்டும். நீங்கள் வேலை தேடிப் போகும் கம்பெனிகள் ஏடபிள்யூஎஸ் கேட்டால் அதைப் படியுங்கள், ஆனால் ஃப்ரீ பிளான் அக்கவுன்ட்டை இப்போதே திறக்க வேண்டாம். தியரியைப் பாதி முடித்துவிட்டுத் திறங்கள், ஆறு மாதக் கடிகாரம் சேர்ந்த அன்றே ஓட ஆரம்பிக்கும். கன்சோலில், அதாவது பிரவுசர் திரையில், ஒருமுறை கையால் கட்டிய பிறகு அதையே டெர்ராஃபார்ம் என்ற கருவியில் கோடாக எழுதுங்கள். படிப்பு முடிந்ததும் டெஸ்ட்ராய் கொடுத்தால் அதில் கட்டியதெல்லாம் ஒரே மூச்சில் போய்விடும். கன்சோலில் கையால் சேர்த்தவை மட்டும் அப்படியே நிற்கும், ரீஜியன் ரீஜியனாகப் போய்ப் பார்த்து அழிக்க வேண்டும். பில்லிங் பக்கத்தை மறுநாள் காலையில் திறங்கள், அன்றே பார்த்தால் எண் வந்திருக்காது.