ஆந்தை ஊதுது, ஆமை ஊதல - மண் விசில் செய்யுற கிளாஸ் போய்ட்டு வந்த கதை

பாண்டிச்சேரி பக்கம் ஒரு சின்ன பாட்டரி ஸ்டுடியோல கையாலேயே மண் விசில் செய்ய சொல்லித் தர்றாங்கன்னு கேள்விப்பட்டு நானும் என் பையனும் போனோம், தலைக்கு 900 ரூபா, மண்ணு சூளை எல்லாம் அதுலயே அடக்கம். பேர் போடல, ஏன்னா கடைசில கொஞ்சம் திட்டவும் போறேன்.

எலுமிச்சம்பழ சைஸ்ல ரெண்டு உருண்டை, கட்டைவிரல விட்டு கிண்ணம் மாதிரி குழிச்சு, ஓரத்த கீறி சேத்துக் குழம்பு தடவி வாயோட வாய் வச்சு ஒட்டணும். உள்ள காத்து அடைஞ்சிருக்கறதால அமுக்கினாலும் நசுங்கல, அந்த உருண்டைய வச்சு ஆந்தையோ கோழியோ என்ன வேணா பண்ணிக்கலாம். இதுவரைக்கும் யாரு வேணா செஞ்சிடுவாங்க.

ஊத வைக்கிறதுதான் வித்தையே! வால் பக்கம் ஐஸ் குச்சிய சொருகி காத்து போக ஒரு சந்து, அதுக்குக் கிட்டவே வயித்துல சதுரமா ஒரு ஓட்டை, அந்த ஓட்டையோட எதிர் ஓரத்த கத்தி மாதிரி சாய்வா சீவணும். சந்து வழியா வர்ற காத்து நேரா அந்தக் கூர்ல போய் மோதினாதான் சத்தம், ஒரு நூல் ஏறினாலும் இறங்கினாலும் வெறும் புஸ்ஸு. எனக்கு 40 நிமிஷம் புஸ்ஸுதான். சொல்லித் தந்த அக்கா வந்து குச்சிய லேசா இறக்கி விட்டாங்க, ஊதினேன் பாருங்க, பக்கத்து டேபிள்ல எல்லாரும் திரும்பிட்டாங்க.

விரல் வைக்கிற ஓட்டை எங்க வேணா போடலாமாம், புல்லாங்குழல் மாதிரி இல்ல, இதுல ஓட்டை எவ்ளோ பெருசுங்கறதுதான் கணக்கு. அதனால என் ஆந்தைக்கு கண்ணு ரெண்டுமே ஓட்டை. ஹரப்பாவுல தோண்டினப்ப கூட பறவை மாதிரி மண் விசில் கிடைச்சிருக்குன்னு அக்கா சொன்னாங்க, எனக்கு என்னமோ சின்ன வயசுல திருவிழாவுல வாங்கி தண்ணி ஊத்தி ஊதுவோமே அந்தக் குருவிதான் ஞாபகம் வந்துச்சு.

இப்ப திட்டு. மூணு மணி நேர கிளாஸ்ல கடைசி அரை மணி நேரம் ஒரே அவசரம், அடுத்த பேட்ச் வாசல்ல நிக்குது. பையன் ஆமைக்கு ஓடு ஒட்டுறேன்னு அமுக்கினதுல சந்து அடைஞ்சிருக்கு, யாரும் ஊதிப் பாக்காமயே சூளைக்கு அனுப்பிட்டாங்க. மூணு வாரம் கழிச்சு வந்தா ஆமை ஊமை. ஈரமா இருந்தப்பவே பாத்திருந்தா ஒரு குச்சிய விட்டு சரி பண்ணிருக்கலாம், சுட்டப்புறம் அது கல்லு மாதிரி, என்ன பண்றது. என் ஆந்தையும் சுருங்கி வந்து சத்தம் கொஞ்சம் கீச்சுன்னு ஆயிடுச்சு, ஆனா அது மண்ணோட குணம், அவங்கள குத்தம் சொல்ல முடியாது.

போறதா இருந்தா கூட்டமில்லாத வார நாள்ல போங்க, கிளம்புறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவ ஊதிப் பாத்துட்டு குடுங்க. அப்புறம் ஐஸ் குச்சி வீட்டுலேர்ந்தே எடுத்துட்டுப் போங்க, அங்க நாலு பேருக்கு ஒண்ணுதான்.