வான்கோ படம்: பதினான்கு வயதுக்கு எது?

அக்கா மகளுக்குப் பதினான்கு வயது. போன் உறையில் ‘நட்சத்திர இரவு’, நோட்டு அட்டையில் சூரியகாந்தி. ஓவியர் வின்சென்ட் வான்கோ பற்றிய படம் ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லி ஒரு வாரமாக நச்சரிக்கிறாள். சரி என்று சொல்லிவிட்டு, அவளுக்கு முன்னால் நான் ஒருமுறை மூன்று படங்களைத் திரும்பப் பார்த்தேன். மூன்றிலும் ஒரே ஆள், ஒரே காது, ஒரே துப்பாக்கிக் குண்டு. ஆனால் குண்டு எங்கிருந்து வந்தது என்பதில் மூன்றும் பிரிகின்றன.

சான்றிதழைப் பார்த்து முடிவு செய்யலாமென்றால் முடியவில்லை. ‘லவிங் வின்சென்ட்’ (2017), ‘அட் எடர்னிட்டிஸ் கேட்’ (2018) இரண்டுக்குமே அமெரிக்காவில் பிஜி-13தான், அதாவது பதின்மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சில பகுதிகள் ஏற்றதாக இருக்காது என்ற எச்சரிக்கை. ‘லஸ்ட் ஃபார் லைஃப்’ வந்தது 1956இல்; அங்கே படங்களுக்கு இப்படித் தரம் குறிக்கும் முறை தொடங்கியதே 1968இல்தான்.

பார்ப்பதற்கு மிகவும் சாதுவானது அந்தப் பழைய படம். வான்கோவாக நடிக்கும் கிர்க் டக்ளஸ் காதை அறுக்கும் காட்சியில் நமக்கு அலறல்தான் கேட்கும், கத்தி வேலை தெரியாது. ஆனால் எனக்கு இடிப்பது வேறு. வெறி ஏற ஏறத்தான் ஓவியம் பிறக்கிறது என்பதுபோல் படம் நகர்கிறது. காகங்கள் பறக்கும் கோதுமை வயலை வரைகிறார், அங்கேயே எல்லாம் முடிகிறது. அதுதான் கடைசி ஓவியம் என்று இன்றும் பலர் நம்புவதில் இந்தப் படத்துக்கும் பங்கு உண்டு. உண்மையில் கடைசியாக வரைந்தது ‘மர வேர்கள்’ என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நோய் முற்றிய நாட்களில் அவரால் பெரும்பாலும் தூரிகையைத் தொடவே முடியவில்லை. தெளிந்த நாட்களில்தான் வேலை நடந்தது. கடைசியாகப் பிரான்சின் ஓவர்-சுர்-உவாஸ் கிராமத்தில் இருந்த எழுபது நாளில் எழுபதுக்கு மேற்பட்ட ஓவியங்கள். அது வெறி இல்லை, உழைப்பு. மன வேதனையைத் திறமையின் விலையாக நினைக்கத் தொடங்கும் வயதில் இருக்கும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

‘லவிங் வின்சென்ட்’ பிள்ளைகளை இழுக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் சுமார் 65,000 சட்டகங்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். வயல் அசையும்போது வண்ணமே அசைகிறது. குடி, அடிதடி, விலைமாதர் விடுதி எல்லாம் உண்டு. அதற்கு நான் ரிமோட்டைத் தேடப்போவதில்லை. வின்சென்ட் இறந்து ஓராண்டு கழித்து, அவர் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு அலையும் அர்மான் ரூலன் என்ற இளைஞன்தான் நமக்குத் துணை. மரணத்தை நேரே பார்க்காமல், அவரைத் தெரிந்தவர்கள் வாயால் கேட்கிறோம். ஒரு மரணம் மற்றவர்கள் மனத்தில் எத்தனை கேள்விகளை விட்டுச்செல்கிறது என்பது இதில் புரிகிற அளவுக்கு மற்ற இரண்டிலும் புரிவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. படம் பாதிக்கு மேல் துப்பறியும் கதையாகிவிடுகிறது. யாரோ சுட்டிருப்பார்களோ என்ற சந்தேகம் சுவாரசியமாக வளர்கிறது. 2011இல் வெளியான ஒரு வாழ்க்கை வரலாறு பரப்பிய கருத்து அது. ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகம் அதை ஏற்கவில்லை, தற்கொலை என்றே சொல்கிறது. அதனால் இதைப் போடுவதற்கு முன் அவளிடம் சொல்லிவிடப்போகிறேன்: ‘இது ஒரு ஊகம்டி, தீர்ப்பு இல்லை.’

‘அட் எடர்னிட்டிஸ் கேட்’ அந்த ஊகத்தைச் சந்தேகமே இல்லாமல் காட்டிவிடுகிறது. பையன்கள்தான் சுடுகிறார்கள். தற்கொலைக் காட்சி இல்லையே என்று நிம்மதி அடையும் பெற்றோர் இருக்கலாம், எனக்கு அது குறுக்குவழியாகப் படுகிறது. கேமரா ஆடிக்கொண்டே இருக்கும், சில இடங்களில் திரையின் கீழ்ப்பாதி மங்கிக் கிடக்கும். ஆடு மேய்க்கும் பெண்ணோடு வரும் காட்சி பெரியவர்களையே நெளிய வைக்கும். ஆனால் இயக்குநர் ஜூலியன் ஷ்னாபெல் ஓவியர் என்பதால், வண்ணத்தைப் பிதுக்கித் தடவும் கை எப்படி யோசிக்கிறது என்பது இதில்தான் தெரிகிறது. முப்பத்தேழு வயதில் இறந்தவராக அறுபது கடந்த வில்லம் டஃபோ நடிக்கிறார், பத்தே நிமிடத்தில் அது மறந்துவிடுகிறது.

அக்கா மகள் சொந்தமாகக் கான்வாஸ் வாங்கும் வயதில் இதைப் பார்க்கட்டும். பழைய படத்துக்கு இரண்டு வருடம் போகட்டும், அதுவும் நான் பக்கத்தில் இருக்கும்போது. இந்தச் சனிக்கிழமை ‘லவிங் வின்சென்ட்’. ஒன்றரை மணி நேரம்தான். அப்புறம் ‘மர வேர்கள்’ படத்தை லேப்டாப்பில் பெரிதாகத் திறந்து வைக்கலாம் என்றிருக்கிறேன்.