பழைய செங்கல் கிடங்கு: சரக்குக்கா, ஷூட்டிங்குக்கா?

வடசென்னையில் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் தாத்தா காலத்துக் கிடங்கு கைக்கு வந்தவர்களுக்கு இதே குழப்பம்தான்: சரக்கு வைக்க வாடகைக்கு விடுவதா, சினிமா ஷூட்டிங்குக்கு விடுவதா?

வருமானம்
சரக்கு: மாதா மாதம் வாடகை, அட்வான்ஸ் கையில்.
ஷூட்டிங்: நாள் வாடகை கூடுதல், ஆனால் மாதக்கணக்கில் சும்மாவும் கிடக்கும்.

செலவு
சரக்கு: கூரை ஒழுகக் கூடாது, தரை பாரம் தாங்கணும்.
ஷூட்டிங்: காரை உதிர்ந்த சுவரைத்தான் தேடி வருகிறார்கள். தயவுசெய்து பெயின்ட் அடித்து வைக்காதீர்கள்!

கட்டடம்
சரக்கு: இங்கேதான் வில்லங்கம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை வெளியே விட்டுவிடும். குடிவருபவர் பளிச்சென்று இருக்கட்டும் என்று சிமெண்ட் பூசுவார். ஈரமும் கடல் உப்பும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். சில வருடத்தில் பூச்சைத் தட்டிப் பார்த்தால், பின்னால் செங்கல் விரல் பட்டாலே பொடியாகக் கொட்டும்.
ஷூட்டிங்: ஆணி, தற்காலிக செட். ஒப்பந்தத்தில் தடுக்கலாம்.

பெரம்பூர் பின்னி மில் 1996-ல் மூடிய பிறகு படப்பிடிப்புத் தளமாக ஓடியதைச் சொல்வார்கள். அங்கே இடம் விஸ்தாரமாக இருந்தது. நம் சந்தில் ஜெனரேட்டர் வண்டி திரும்புமா?

முன்னால் கேரவன் நிற்க இடம், சுற்றி வீடுகள் குறைவு என்றால் ஷூட்டிங். குறுகல் சந்து என்றால் சரக்குக்கே விடுங்கள். பூச்சு வேலை சுண்ணாம்பில் மட்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு.