திருகோணமலையில இறுவட்டு கொப்பி போடக் குடுக்கிறவை கவனம்: 75,000 ரூபா போச்சு

கடையின்ர பேர் போடேல்ல. டவுனுக்குள்ள இருக்கிற, கலியாண வீடியோவும் போட்டோ பிரிண்டும் செய்யிற ஒரு கடை எண்டு மட்டும் வைச்சுக்கொள்ளுங்கோ. எங்கட குழு சொந்தக் காசில எடுத்த நாட்டுக்கூத்து வீடியோவை 500 இறுவட்டாப் போடக் குடுத்தம். ஒண்டு 150 ரூபாப்படி 75,000. முற்பணம் 45,000, பெட்டி வந்த அண்டு மிச்சம் 30,000.

இந்தக் காலத்தில ஆர் டிவிடி பார்க்கினம் எண்டு சிரிக்காதேங்கோ. மூதூர், தம்பலகாமம் பக்கம் வயசாளிகள் ஒண்டரை மணித்தியாலக் கூத்தை போனில பார்க்க மாட்டினம். டிவிக்குக் கீழ பழைய பிளேயர் இன்னும் கிடக்கு.

வந்த இறுவட்டு கடைசியில நிக்குது எண்டு கேட்டா, மாஸ்டரில (கொப்பி போட நாங்கள் குடுத்த மூல இறுவட்டில) பிழை எண்டு கடைக்காரர் இப்ப சொல்லுறார். அதால மாஸ்டர் எப்பிடிச் செய்தது எண்டதை முதல்ல எழுதுறம், தெரிஞ்சவை பார்த்துச் சொல்லட்டும். படம் 88 நிமிசம், அதாவது 5,280 செக்கன். 4.7 ஜிபி இறுவட்டில (கொம்பியூட்டர் 4.37 எண்டு காட்டும், அது கள்ளம் இல்லை, கணக்கு முறை வேற) செக்கனுக்கு 7.1 மெகாபிட் வரைக்கும் அடங்கும். ஆனா விளிம்பு வரைக்கும் நிரப்பினா அங்கதான் பிழை வரும். அதால வீடியோவை 6.2 இலயும், சத்தத்தை 48 கிலோஹெர்ட்ஸ் டொல்பி 192 கிலோபிட்டிலயும் வைச்சம். மெனுவோட எல்லாம் 4.3 ஜிபிக்குள்ள முடிஞ்சுது. பால் (PAL) எண்ட எங்கட டிவி முறை, 720க்கு 576, செக்கனுக்கு 25 பிரேம், எம்பெக்-2. கமரா டேப் கீழ் ஃபீல்ட் முதல் (ஒரு பிரேமை ஒண்டு விட்ட கோடா ரெண்டு பாதியாக் காட்டுறதில எது முதல் எண்டது), அதை வீடியோவைச் சுருக்கிற என்கோடரிலயும் அப்பிடியே வைச்சம். இது மாறினா ஆட்டக்காரர் சுத்தேக்க கை கால் எல்லாம் நடுங்கும். எழுத்துகளைத் திரை ஓரத்தில இருந்து பத்தில ஒரு பங்கு உள்ளுக்குத் தள்ளினம், பழைய டிவி ஓரத்தை வெட்டிப்போடும்.

ரைட் பண்ணினது டிவிடி-ஆர் இல, 4 வேகத்தில, ஒரே மூச்சில, ஃபைனலைஸ் பண்ணி (வேற பிளேயரிலயும் ஓட எழுத்தை முடிச்சு மூடி). பிறகு திருப்பி வாசிச்சு ஹார்ட் டிஸ்கில இருக்கிற இமேஜோட (முழு இறுவட்டும் ஒரே ஃபைலா இருக்கிறது) ஒப்பிட்டம், ஒரு பைட் மாறேல்ல. கடதாசி லேபல் ஒட்டேல்ல. நடுவளையத்தில மட்டும் மார்க்கரால பேர். மூண்டு வேற வேற பிளேயரில முழுக்க ஓடிச்சுது.

ஏன் நம்பினம் எண்டா, மனிசன் சரியான கேள்வி கேட்டவர். மாஸ்டரை விளிம்பில பிடிச்சு வெளிச்சத்துக்குக் காட்டினார். துணியால நடுவில இருந்து வெளிப்பக்கமா நேராத் துடைச்சார். "ஃபைனலைஸ் பண்ணினதோ தம்பி? கனடாவுக்கும் போகுதோ? போகுதெண்டா அங்கத்த டிவி முறை என்டிஎஸ்சி தனியாச் செய்யோணும், நாட்டுப் பூட்டு இல்லாம ரீஜன் எல்லாத்துக்கும் திறந்து விடுங்கோ" எண்டார். தொழில் தெரிஞ்ச ஆள் எண்டு மனசு இளகிப்போச்சு. மேசையில ஒரு மாதிரி இறுவட்டு வைச்சார், அடிப்பக்கம் பளபளக்கிற வெள்ளி. "இது பிளான்ட்டில பிரஸ் பண்ணினது, உங்களுக்கும் இப்பிடித்தான்" எண்டார். அந்த வெள்ளியைப் பார்த்துத்தான் 45,000 ரூபாவை எண்ணிக் குடுத்தம்.

பிரஸ் வேற, ரைட் வேற. பிரஸ் எண்டா மாஸ்டரில இருந்து கண்ணாடித் தகட்டில குழி பதிச்சு, அதில இருந்து நிக்கல் அச்சு எடுத்து, உருகின பொலிகாபனேற்றை அச்சில அழுத்தி வார்க்கிறது. அடிப்பக்கம் வெள்ளியா இருக்கும். அச்சுக்கே பெரிய செலவு, அதாலதான் 500, 1,000 எண்டு போடுறது. ரைட் எண்டா சாயப்படையை லேசரால சுடுறது. அடிப்பக்கம் ஊதா நிறம் அடிக்கும், டேட்டா முடியிற இடத்தில ஒரு வளையக்கோடும் தெரியும்.

எங்களுக்கு வந்த 500 உம் ஊதா. பொலிதீன் ஒட்டின பெட்டி, ஒண்டைக் கூடப் பிரிக்காம மிச்சம் 30,000ஐக் குடுத்தது எங்கட மடத்தனம்.

மூதூரில இருந்து முதல் போன்: "கடைசியில அப்பிடியே நிக்குது." 60 எடுத்துப் போட்டுப் பார்த்தம், 23 கடைசிப் பத்து நிமிசத்தில நிண்டுது. டிவிடி உள்வளையத்தில தொடங்கி வெளியாலதான் எழுதும். மலிவு வெற்று இறுவட்டை முழு வேகத்தில விட்டா வெளிவிளிம்புதான் முதல்ல கெடும். மேல ஒட்டின கடதாசி லேபலால நிறை ஒரு பக்கம் சாஞ்சு, சுத்தேக்க ஆடுது. திருப்பித் தந்த மாஸ்டரைப் பாருங்கோ: அண்டைக்கு நேராத் துடைச்ச ஆள், இப்ப வட்டக் கீறலோட தந்திருக்கிறார். நேர்க்கீறலைப் பிளேயர் திருத்திப்போடும், வட்டக் கீறல் டேட்டா ஓடுற பாதையோடயே போறதால திருத்தேலாது.

கேக்கப் போனா முதல் நாள், "உங்கட பிளேயர் பழசு, உப்புக்காத்தில லென்ஸ் ஊத்தை." ரெண்டாம் நாள், "மாஸ்டரில பிழை." மூண்டாம் நாள் கல்லாவில இருந்த பெடியன், "அண்ணன் கொழும்புக்குப் போயிட்டார், வந்து எடுப்பார்." பிரஸ் பண்ணித் தாறன் எண்டீங்களே எண்டு கடைக்காரரைக் கேட்டதுக்கு, "நான் அப்பிடிச் சொல்லேல்ல, பில்லில இருக்கோ?" பில்லில "டிவிடி 500, ரூபா 75,000" எண்டு மட்டும். வட்ஸ்அப்பில நீலக்கோடு விழுது, பதில் இல்லை.

செய்ய வேண்டியது எல்லாம் வடிவா எழுதுவம் எண்டு இருந்தனாங்கள், இப்ப பொறுமை இல்லை. பில்லில "பிரஸ்" அல்லது "ரைட்" எண்டு எழுதுவியுங்கோ, எந்த வெற்று இறுவட்டு, எந்த வேகம் எண்டதையும். முதல் 5ஐ வாங்கி வீட்டில கடைசி நிமிசம் வரைக்கும் ஓட்டிப் பார்த்திட்டுத்தான் மிச்சத்துக்குச் சம்மதியுங்கோ. பெட்டியைக் கடையில வைச்சே பிரிச்சு அடிப்பக்கத்தைப் பாருங்கோ. மாஸ்டர் ரெண்டு செய்யுங்கோ, இமேஜை ஹார்ட் டிஸ்கில வைச்சிருங்கோ. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின்ர போன் நம்பர் 1977, நாங்கள் நாளைக்கு எடுக்கப் போறம்.

75,000 ரூபா. இதை எழுதிக்கொண்டு இருக்கேக்கயும் ஒருக்கா அடிச்சுப் பார்த்தம். ரிங் போகுது, எடுக்கேல்ல.