எச்பிஎக்ஸ், கோர்: கல்லீரல் செல்லுக்குள் இரண்டு வைரஸ் புரதங்கள்

ஹெபடைடிஸ் பி வைரஸின் எச்பிஎக்ஸ் புரதத்தில் இருப்பவை 154 அமினோ அமிலங்கள்தான். ஆனால் அதன் சூழ்ச்சி அபாரமானது. இந்த வைரஸின் டிஎன்ஏ, கல்லீரல் செல்லின் உட்கருவில் வட்ட வடிவில் தங்கிவிடுகிறது. நம் செல்லில் உள்ள எஸ்எம்சி5/6 என்னும் புரதத் தொகுதி, அந்த டிஎன்ஏவின் மரபணுக்கள் வெளிப்படாமல் அடக்கிவைக்கும் காவலாளி. எச்பிஎக்ஸ், டிடிபி1 என்ற மற்றொரு மனிதப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு, செல்லின் சொந்தச் சிதைப்பு ஏற்பாட்டைக் கொண்டே அந்தக் காவலாளியை ஒழிக்கிறது. 2016இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

ஹெபடைடிஸ் சி வேறு ரகம். ஆர்என்ஏ வைரஸான அது, உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்திலேயே பெருகுகிறது. அதன் கோர் புரதம் கொழுப்புத் துளிகள்மேல் ஒட்டிக்கொள்கிறது. கொழுப்பை உருவாக்கும் மரபணுக்களை முடுக்குகிறது, கொழுப்பு வெளியேறுவதையும் குறைக்கிறது. கல்லீரலில் கொழுப்பு சேர்கிறது.

இரண்டுமே புற்றுநோய் வரை இட்டுச்செல்லக்கூடியவை. ஆயினும் எச்பிஎக்ஸையே நான் அதிகம் அஞ்சுகிறேன். உட்கருவில் நிலையான டிஎன்ஏ இல்லாததால், ஹெபடைடிஸ் சி பெரும்பாலும் 8 முதல் 12 வார மாத்திரைகளில் குணமாகிறது. நாள்பட்ட ஹெபடைடிஸ் பியை இன்றைய மருந்துகள் அடக்குகின்றன, அரிதாகவே ஒழிக்கின்றன. ஆனால் இவ்விரண்டில் தடுப்பூசி இருப்பது பி வகைக்கு மட்டும்தான்.